லூசியானாவிலிருந்து ஒரு கைப்பிடி சாம்பிள்

லூசியானாவைப் பார்த்தே ஆகவேண்டும் என்று யாராவது துடித்தால், அவரை மே மாதத்து மத்தியானம் இரண்டு மணிக்கு மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் கொண்டுபோய் நிறுத்துங்கள். வேர்வை முதுகில் வழியும். கொசு காதில் பாடும். சேற்று வாடையும் மீன் வாடையும் சேர்ந்து மூக்கைப் பிடிக்கும். அவ்வளவுதான், பார்த்தாயிற்று, வீட்டுக்குப் போகச் சொல்லிவிடலாம். இந்த உண்மையைக் கண்டுபிடிக்க நான் மூன்று விமானம் மாறி, நடுவில் ஒரு பெட்டியைத் தொலைத்து, ஒரு கோடை விடுமுறையை முழுசாகத் தின்றுதீர்த்தேன். இத்தனைக்கும் நான் பூகோள வாத்தியார். பதினோரு வருடம் மிசிசிப்பி ஆற்றின் கழிமுகத்தைக் கரும்பலகையில் வரைந்தவன். அது கோழிக்கால் மாதிரி இருக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி, என் மனதிலும் அது ஏதோ பெரிய விஷயமாகத்தான் இருந்தது. போய்ப் பார்த்தால் தண்ணீர் செம்மண் நிறம், அகலமாக ஓடுகிறது, அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. கோழியும் இல்லை, காலும் இல்லை.

நான் போனது ஊர் சுற்ற அல்ல. அனுப்பப்பட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அக்கா கல்யாணமாகி அமெரிக்காவில் லூசியானாவுக்குப் போய்ப் பத்து வருடமாகியிருந்தது. பத்து வருடம் கழித்துத்தான் குழந்தை உண்டானது. டாக்டர் அவளை விமானம் ஏறக்கூடாது என்று தடுத்துவிட்டார். முதல் பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வரமுடியாது என்றால் தாயாராவது அங்கே போகவேண்டும். ‘அம்மாவை அனுப்புங்கோ’ என்று அக்கா எழுதியிருந்தாள். அந்த வரியில் மட்டும் மை கலைந்திருந்தது. அம்மா அன்றைக்கே பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தாள். சாயங்காலம் அப்பா அதைத் திரும்பப் பரணில் ஏற்றினார்.

“கண்ணால பாக்காத ஊருக்கு ஆளை அனுப்பறதாவது! முதல்லே சாம்பிள் வரட்டும்” என்றார்.

அப்பா மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகுக் கம்பெனியில் தரம் பார்ப்பவர். மலையிலிருந்து வந்திறங்கும் ஒவ்வொரு லோடிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுப்பார். உள்ளங்கையில் தேய்ப்பார், ஊதுவார், மோந்து பார்ப்பார், இரண்டு மணியைக் கடித்துத் துப்புவார். பிறகு குறை சொல்வார். “ஈரம்.” “காம்பு ஜாஸ்தி.” “பாதி பொள்ளை”, அதாவது உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கூடு. அவர் குறை சொல்லிவிட்டால் வியாபாரிக்கு நிம்மதி. சரக்கு போகும் என்று அர்த்தம். பளபளவென்று, ஒரு குறையும் இல்லாமல் வந்து நிற்கிற மிளகைத்தான் அப்பா மூட்டையோடு திருப்பி அனுப்புவார். “எண்ணெய் தடவியிருக்கான். உள்ளே பூரா பப்பாளி விதையாக்கும்.” பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

இந்த வழக்கத்தை அவர் பஜாரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. அம்மாவின் ரசத்தில் உப்பு ஒரு கல் கம்மி என்பார். சொல்லிவிட்டு மூன்றாம் தடவை ஊற்றச் சொல்வார். திருப்பூணித்துறையில் சித்தி பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளையை எல்லாரும் தங்கம், வைரம் என்றபோது, “ஒத்தன் கூடவா குத்தம் சொல்லலை?” என்று கவலைப்பட்டு இரண்டு நாள் தூங்காமல் இருந்தார். அவர் கொடுக்கிற ஆக உயர்ந்த சர்டிபிகேட் ஒன்றுதான்: “குத்தமில்லை.” அதை நான் என் வாழ்நாளில் நாலைந்து தடவை கேட்டிருப்பேன். ஒரு தடவைகூட என்னைப் பற்றி இல்லை. அந்த நாக்கு மட்டும் எனக்குப் பிதுரார்ஜிதமாக வந்து சேர்ந்தது.

“நீ போய்ப் பாத்துட்டு வா” என்றார் என்னிடம். “உன்னை மாதிரி எதைப் பாத்தாலும் மூஞ்சியைச் சுளிக்கற ஆள் கொச்சியிலே வேறே இல்லை. அதனாலயாக்கும் உன்னை அனுப்பறேன். அங்கே ஆகாரம் எப்படி, ஜனங்கள் எப்படி, எல்லாம் எழுது. அப்பறம் அம்மாவை அனுப்பலாமா வேண்டாமான்னு தீர்மானிக்கலாம்.”

நான் கிளம்பும்போது அம்மா வாசலில் என் சட்டைப் பையில் விபூதிப் பொட்டலத்தைச் செருகினாள். “கொஞ்சம் நன்னா எழுதுடா. உன் வாயை வெச்சுண்டு என்னைக் கெடுத்துடாதே” என்றாள். அவளுடைய பெட்டி பரணில் இருந்தது. என்னுடையது கையில் இருந்தது.

அந்தப் பெட்டிதான் தொலைந்தது.

நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்தில் வெறுங்கையோடு நின்றவனை அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேர், கட்டிக்கொண்டார். கும்பகோணத்தில் பிறந்து, பம்பாயில் படித்து, அந்த ஆற்றங்கரையில் ஒரு ரசாயன ஆலையில் இன்ஜினியராக இருந்தவர். பத்து வருடத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஈ காக்கை அவர் வீட்டை எட்டிப் பார்த்ததில்லை. அதனால் ஒவ்வொரு நாளுக்கும் என்ன பார்ப்பது, எங்கே சாப்பிடுவது என்று தாளில் கட்டம் போட்டு எழுதிவைத்திருந்தார்.

“வாத்யாரே, ஊருக்குப் போறதுக்குள்ள இந்த லூசியானாவைக் கரைச்சு உமக்குப் புகட்டிடறேன்” என்றார். “அங்கே போய் மாமனார்கிட்ட நாலு வார்த்தை சொல்லும்.”

எனக்கு அவருடைய சட்டை கொடுக்கப்பட்டது. அவர் ஆறடி. தோளிலிருந்து தொங்கிய அந்தச் சட்டையோடுதான் நான் அமெரிக்கக் கலாச்சாரத்தை எதிர்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஜன்னல் திரையைத் திருடிக்கொண்டு ஓடுகிற மாதிரி இருந்தது.

முதலில் காபி. அந்த ஊர்க் காபியில் சிக்கரி கலப்பார்களாம், அமெரிக்காவிலேயே அங்கேதான் அதற்குப் பேர், அதைக் குடிக்க நாடெங்கிலுமிருந்து வருகிறார்களாம். எங்கள் தெருமுனைச் சாயாக் கடையில் காபி கேட்டால் சிக்கரியில் ரெண்டு சொட்டுக் காபியைக் கலந்து தருவான். அவனைத் தேடி யாரும் விமானத்தில் வந்ததில்லை. காபியோடு ஒரு போண்டா. சதுரமான போண்டா, உள்ளே ஒன்றும் கிடையாது, அந்த வெட்கத்தை மறைக்க மேலே சர்க்கரைப் பொடியை மலைபோலக் கொட்டியிருந்தார்கள். நான் அதைக் கையில் எடுத்து ஒரு தும்மல் தும்மினேன். சர்க்கரை முழுவதும் பக்கத்து மேஜை அம்மாளின் கறுப்புக் கவுன்மேல் போய் உட்கார்ந்தது. அந்த அம்மாள் சிரித்தாள். பயணத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களின் வரிசை அங்கே தொடங்குகிறது.

அவர்கள் பெருமையாகச் சொல்லும் குழம்பு ஒன்று உண்டு, கம்போ என்று பேர். வெண்டைக்காய் போட்டு வழவழவென்று கொதிக்கவைத்து, அதற்குள் கடலில் நடமாடுவது அத்தனையையும் தள்ளுகிறார்கள். சைவம் உண்டா என்று அத்திம்பேர் பரிமாறும் பெண்ணிடம் கேட்டார். அவள் யோசித்து, “கோழி மட்டும் போட்டது இருக்கிறது” என்றாள். அப்படியானால் சிவப்புப் பயறும் சோறும் தரச் சொன்னோம். பயறுக்குள் பன்றி. கீரைக்குள் பன்றி. கடைசியில் எனக்குக் கிடைத்தது சோளரவைக் கஞ்சி. உப்பில்லாமல், மோரில்லாமல், தொட்டுக்கொள்ள ஒரு நார்த்தங்காய்த் துண்டுகூட இல்லாமல், அதன்மேல் வெண்ணெயை மிதக்கவிட்டு, அதையும் ஒரு கலாச்சாரம் என்று மெனுவில் அச்சடித்திருந்தார்கள். எங்கள் ஊரில் வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பது.

மேஜைமேல் மிளகுப்பொடி இருந்தது. பழக்கதோஷம், உள்ளங்கையில் கொட்டித் தேய்த்து மோந்து பார்த்தேன். உமி. அப்பா ஆயுசு பூரா கழித்துப்போட்ட மிளகெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த கட்டம், சதுப்புநிலப் படகுச் சவாரி. தொப்பி போட்ட ஒரு மனிதர் படகை ஓட்டினார். மரங்களில் பாசி நரைத்த தாடிபோலத் தொங்கியது. தண்ணீரில் முதலை ஒன்று கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு மிதந்தது. அவர் பையிலிருந்து வெள்ளையாகப் பஞ்சுபோன்ற மிட்டாயை எடுத்து எறிந்தார். முதலை வந்து மிட்டாய் தின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு முதலைக்கு இதைவிடக் கேவலமான வாழ்க்கை இருக்கமுடியாது. மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளத்துக்கு நான் தினமும் படகில்தான் போகிறேன், இடுப்பில் ஒருவன் முழங்கையும் காலில் இன்னொருவன் மீன்கூடையும் இடிக்க. அதற்குச் சவாரி என்று பேர் வைக்க எங்களுக்குத் தோன்றவில்லை. எங்களுக்குச் சாமர்த்தியம் போதாது.

பிறகு ஒரு பழைய கரும்புத் தோட்டத்து மாளிகை. இரண்டு பக்கமும் ஓக் மரங்கள், வெள்ளைத் தூண்கள். குடைபோல விரிந்த பாவாடை கட்டிய ஒரு பெண் அறை அறையாக அழைத்துப்போய் எஜமானியம்மாவின் பீங்கான் கோப்பை, எஜமானியம்மாவின் பியானோ, எஜமானியம்மா மயங்கி விழுந்தால் படுக்கிற சோபா என்று உருகினாள். ஜன்னல் வழியாகப் பின்புறம் வரிசையாகச் சின்ன மரக்குடிசைகள் தெரிந்தன. “அங்கே யார் இருந்தார்கள்?” என்று கேட்டேன். “வேலைக்காரர்கள்” என்றாள், “அது நம் சுற்றுலாவில் வராது.” அடிமைகளுக்கு அந்த மாளிகையில் அதுதான் பேர். மாளிகை முழுக்க எண்ணெய் தடவியிருந்தது. எனக்கு வாய் கசந்தது. வெளியே வந்து மரத்தடியில் நின்று நன்றாகத் திட்டினேன். பாதியில், என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வருஷா வருஷம் மட்டாஞ்சேரி அரண்மனைக்கு அழைத்துப்போய்ச் சுவரோவியத்தையும் ராஜாக்களின் பல்லக்கையும் காட்டுகிறேனே, அந்தப் பல்லக்கைத் தூக்கினவர்களைப் பற்றி ஒரு தடவையாவது வாயைத் திறந்திருக்கிறேனா என்று ஒரு யோசனை வந்தது. பாவாடை கட்டாததுதான் வித்தியாசம். திட்டுவதை நிறுத்திவிட்டுக் காரில் ஏறினேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்கு ஏரோகிராமில் கடிதம் எழுதினேன். மூன்று மடிப்பும் போதவில்லை, ஓரத்திலும் எழுதினேன். ‘இதுவும் ஒரு கொச்சிதான், ஆனால் கெட்டுப்போன கொச்சி. அதே வேர்வை, அதே கொசு, அதே மழை. சோறு தின்கிறார்கள், வடிக்கத் தெரியாது. காபி சிக்கரிக் கஷாயம். அக்கா வீட்டுக் கொல்லையில் ஒரு கறிவேப்பிலைச் செடி, தொட்டியில் வைத்து அவள் அதோடு பேசுகிறாள், அது வளரவில்லை. பக்கத்து வீட்டுக் கிழவி தினமும் வேலியருகே வந்து அக்காவின் வயிற்றைப் பார்த்து ஆணா பெண்ணா என்று தீர்ப்புச் சொல்கிறாள், ஊர்வம்பிலும் மட்டாஞ்சேரிக்குச் சளைத்தவர்கள் இல்லை. இதற்கா இவ்வளவு தூரம்?’ நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே ஒரு திருப்தி. ஒட்டி, தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

சாப்பிடும்போது அதிலிருந்து சில வரிகளை எடுத்துவிட்டேன். சிரிப்பார்கள் என்று பார்த்தேன். அத்திம்பேர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். “போஸ்ட் பண்ணிட்டயா?”

“ஆச்சே.”

“கறிவேப்பிலையைக் கூடவா எழுதினே?” அவள் குரல் உடைந்துவிட்டது. “அப்பா இதைப் படிச்சா அம்மாவை அனுப்புவாரா? சொல்லு. நான் இங்கே தனியா என்னடா பண்ணுவேன்? ஆஸ்பத்திரியிலே வலி வந்தா யாரைக் கூப்பிடுவேன், அந்த வேலிக் கிழவியையா?”

எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் எழுந்திருக்க நாற்காலியின் கையைப் பிடித்த விதத்தைப் பார்த்தபோதுதான், நான் எதற்காக அந்த ஊருக்கு வந்தேன் என்பது என் மண்டையில் இறங்கியது. நகைச்சுவை எழுத்தாளன் என்ற நினைப்பில் அம்மாவின் பெட்டியைப் பரணில் வைத்து ஆணியடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

“வாத்யாரே” என்றார் அத்திம்பேர், கோபமில்லாமல். அதுதான் இன்னும் மோசம். “நாளைக்கு எங்க ஆபீஸ்காரர் ஒருத்தர் பம்பாய்க்குப் பறக்கறார். அவர்கிட்ட கொடுத்தா அங்கே போய்த் தபால்ல போடுவார். உம்ம ஏரோகிராமுக்கு முன்னாடி போய்ச் சேரும். உக்காரும். நான் சொல்றேன், எழுதும்.”

அவர் சொல்ல, நான் எழுதினேன். ‘இந்த ஊர் மிக அழகாக இருக்கிறது. ஜனங்கள் அன்பானவர்கள். ஆகாரம் பிரமாதம். காபி நம் வீட்டுக் காபியைவிட நன்றாக இருக்கிறது. சீதோஷ்ணம் இதமானது. ஒரு குறையும் இல்லை.’ எழுதும்போதே உள்ளுக்குள் எங்கேயோ ஒரு மணி அடித்தது. ஆனால் பக்கத்து அறையில் அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் அதைவிடப் பலமாகக் கேட்டது.

பத்து நாள் கழித்து, காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அலறியது. இந்தியாவிலிருந்து டிரங்க் கால். அங்கே அப்போது சாயங்காலம் ஐந்தரை. அப்பா கம்பெனி முதலாளியின் அறையிலிருந்து பேசுகிறார், பின்னால் சுமை தூக்குகிறவர்கள் பேசுவதும் கேட்டது. அவருடைய ஆயுளில் அவர் போட்ட முதல் வெளிநாட்டுக் கால் அது.

“என்னடா ஆச்சு அங்கே?” என்று கத்தினார். “மறைக்காம சொல்லு. அவளுக்கு என்ன?”

“ஒண்ணும் இல்லைப்பா. நன்னா இருக்கா.”

“பின்னே எதுக்குடா காபி நன்னாருக்குன்னு எழுதியிருக்கே?”

நான் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“நீ அம்மா காபியையே நன்னாருக்குன்னு சொன்னவன் இல்லையே! ஒரு குறையும் இல்லையாம். சீதோஷ்ணம் இதமாம். கடுதாசி பூரா எண்ணெய் தடவியிருக்கேடா! நீ எழுதினதை வாசிச்சுட்டு அம்மா நேத்திலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கலை. குழந்தைக்கு ஏதாவது… மாப்பிள்ளைக்கு வேலை போயிடுத்தா? சொல்லித் தொலையேன்!”

எனக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் அத்திம்பேர். புகழ்ந்தால் அங்கே அப்பா செத்துப்போவார். இகழ்ந்தால் இங்கே இரண்டு பேர் முகத்தில் நான் முழிக்கமுடியாது. அத்திம்பேர் சைகையால் “நன்னா சொல்லும், நன்னா சொல்லும்” என்று கையை ஆட்டினார். டிரங்க் காலுக்கு உண்டான மூன்று நிமிஷத்தில் முக்கால் நிமிஷம் போய்விட்டது.

“அப்பா” என்றேன், “காபியா அது? சிக்கரியை வறுத்துக் கொதிக்கவெச்ச தண்ணி.”

அத்திம்பேர் கை அப்படியே நின்றது.

“சொல்லு” என்றார் அப்பா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“வெயில் தாங்கலை. கொசு நம்ம ஊர்க் கொசுவுக்கு அண்ணன். சோத்தைக் குழைய விட்டுடறா. முதலைக்கு மிட்டாய் குடுக்கறா. கீரையிலே பன்னி போடறா. எனக்கு நாக்கு செத்துப்போச்சு.”

“அப்படிச் சொல்லேண்டா, சனியனே!” அப்பா மூச்சை விட்டது அத்தனை கடலையும் தாண்டிக் கேட்டது. “அவகிட்ட குடு.”

அக்கா ரிசீவரை வாங்கினாள். என்னைப் பார்த்தாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அப்பா ஏதோ கேட்டிருக்கவேண்டும். அவள் முகம் மெல்ல மாறியது. பத்து வருடத்துக்கு முந்தைய முகம், மட்டாஞ்சேரி வீட்டில் அப்பாவோடு சேர்ந்துகொண்டு என் புதுச்சட்டையைக் குறை சொல்லிக் கிழிகிழியென்று கிழிக்கும் முகம், எங்கிருந்தோ எட்டிப் பார்த்தது.

“அரிசியா? கேக்காதீங்கோ அப்பா. இவர் போய் ஒரு அரிசி வாங்கிண்டு வருவார் பாருங்கோ, பூரா நொய்! ஒண்ணு வாங்கத் தெரியாது இவருக்கு… ஆமாம்… டாக்டரா? நல்லவதான், ஆனா ஓயாம பேசறா… கறிவேப்பிலை? ரெண்டு இலை விட்டிருக்கு, அவ்வளவுதான்… ஆங்?”

அப்பா சொன்னதைக் கடைசிவரை கேட்டாள். ரிசீவரை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அத்திம்பேர் கிட்டே வந்து, “என்ன சொன்னார்?” என்றார்.

“அம்மாவை அடுத்த மாசம் அனுப்பறாராம். வரும்போது நல்ல மிளகாக் கொஞ்சம் கட்டி அனுப்பறாராம்.”

“என் அரிசியைப் பத்தி அப்படிச் சொன்னயே?”

“அதனாலதான் அனுப்பறார்” என்றாள் அக்கா. அத்திம்பேர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கும்பகோணத்தில் இப்படி ஒரு நோய் கிடையாதாம்.

விடுமுறை முடிந்து நான் ஊர் திரும்பினேன், அத்திம்பேர் சட்டையிலேயே. என் ஏரோகிராம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்து, அப்பாவின் மேஜையில் பத்திரமாக இருந்தது. அம்மா அதற்கப்புறம் கிளம்பிப் போனாள். ஆகஸ்டில் ஒரு நாள் அத்திம்பேரிடமிருந்து தந்தி வந்தது: பெண் குழந்தை, தாயும் சேயும் மிக நலம், எல்லாம் பிரமாதம். அண்டைவீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்து சந்தோஷப்பட்டார்கள். அப்பா மட்டும் தந்தியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பிரமாதமாமே” என்று முணுமுணுத்தார். இனிப்பு வாங்கலாமா என்று நான் கேட்டதற்கு, “இரு, அம்மா எழுதட்டும்” என்றுவிட்டார்.

இரண்டு வாரம் அவர் மிளகை மோந்தும் பார்க்காமல் பாஸ் பண்ணிக்கொண்டிருந்தார் என்று கம்பெனியில் சொன்னார்கள்.

அம்மாவின் கடிதம் வந்தது. அப்பா வாசல் படியிலேயே நின்று உரக்க வாசித்தார். ‘ஏன்னா, இது என்ன ஊர்? காபி வாயில் வைக்க வழியில்லை. உங்கள் பெண் இன்னும் ரசம் வைக்கக் கற்றுக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை வாங்கி வரும் அரிசி பூரா நொய். குழந்தை நாள் முழுக்கக் கத்துகிறது, தலையில் ஒரு முடி இல்லை, மூக்கு அச்சாக உங்கள் மூக்கு, அதற்குக் கல்யாணத்துக்கு யார் அலைவது?’

அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இடது கையால் தன் மூக்கை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

“குத்தமில்லை” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு லட்டு வாங்கக் கிளம்பினார்.

வாங்கிவந்த லட்டில் முந்திரி கம்மி என்று நான் சொன்னேன். ரொம்ப நாளைக்கப்புறம் அவர் என்னைப் பார்த்து, மனசார, தலையை ஆட்டினார்.